கரிச்சட்டி தேடும் லுவா

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைத் தூக்கி இரண்டு பக்கமும் மோந்து பார்ப்பாள் லுவா. நலம் விசாரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் போகிறவர்கள் முற்றத்து நெருப்பில் கையைச் சூடு காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அவளும் காட்டுவாள். கை நெருப்பின் முன்னால் இருக்கும், கண் அந்த வீட்டின் மூடிய ஜன்னல்களின் மேல் இருக்கும்.

சுகாதார நிலையத்தில் வேலை. மாவ் சோன் மலையடிவாரத்தில் எங்கே பிள்ளை பிறந்தாலும் பழைய மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பாள். பஞ்சு வைத்துத் தைத்த மேல்சட்டை, சோடாபுட்டிக் கண்ணாடி, யாரையும் நம்பாத முகம். மலைச்சாலை ஏற்றம் தொடங்கும் இடத்தில் இருக்கும் என் நூடுல்ஸ் கடையில்தான் காலைச் சாப்பாடு. உட்காருவதற்கு முன் குண்டானின் மூடியைத் திறந்து பார்ப்பாள். "நேத்து சாறா, தங்கச்சி?" என்பாள். இத்தனை வருஷம் சாப்பிட்டு ஒரு நாள் வயிறு வலித்ததில்லை, இருந்தாலும் கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பச்சைப் பிள்ளைகளிடமும் அதே சந்தேகம்தான். "கை சில்லுனுதான் இருக்கும், அதை நம்பாத. பிடரியத் தொட்டுப் பாரு" என்று சொல்லிக்கொண்டே போர்வைகளை ஒவ்வொன்றாக உரிப்பாள். அடியில் மூத்திரத் துணி அகப்படும். "மேல அஞ்சு போர்வை, உள்ள ஈரம். பிள்ளைய என்ன, ஊறுகா போடுறீங்களா?" பிறந்த பிள்ளையை அழகு என்று இங்கே யாரும் சொல்ல மாட்டோம், ஆகாத ஆவி எதன் காதிலாவது விழுந்துவிடும் என்ற பயம். லுவா "பாக்கச் சகிக்கல" என்று சொல்லும்போது மட்டும் அது வழக்கத்துக்காகவா, உண்மையாகவே சொல்கிறாளா என்று பெற்றவர்களுக்கே குழப்பம் வந்துவிடும்.

அவளுக்கு ஆகவே ஆகாதது கரிச்சட்டி. குளிர்காலத்தில் பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்கு அடியில் ஒரு மாதம் கரிச்சட்டி வைத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். நல்ல கரியாகப் பொறுக்கி, வெளியிலேயே கனிய வைத்து, புகை அடங்கிய பிறகுதான் உள்ளே கொண்டுபோவோம். மணத்துக்குக் காய்ந்த பம்பளிமாசுத் தோலைப் போடுவோம். கண் எரியாது, இருமல் வராது. இதில் என்ன கெடுதல் என்று நானே அவளிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

"புகை வந்தா நீங்களே எழுந்து ஓடிருவீங்க, தங்கச்சி. புகையாத கரிதான் கண்ணுக்குத் தெரியாத விஷக்காத்த விட்டு, சத்தம் போடாம ஆளைத் தூக்கிட்டுப் போயிரும்" என்பாள்.

யார் கேட்டார்கள்? ஏற்றத்தில் அவள் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், வீட்டுக்கு வீடு சட்டிகள் ஒளிந்துகொள்ளும். அவளுக்கும் இது தெரியும். அதனால் வண்டியை என் கடையிலேயே நிறுத்திவிட்டுப் பூனை மாதிரி நடந்து ஏறுவாள்.

போன குளிர்காலத்தில் உறைபனி விழுந்த ஒரு காலை. டயர் ஒட்டுகிற ஹொவானின் மனைவி மியெனுக்குப் பெண் பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பால் சுரக்கட்டும் என்று பன்றிக்கால் போட்ட பப்பாளிக்காய்ச் சாறு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் டயரும் கையுமாக நின்ற ஹொவானுக்கு வாயெல்லாம் பல்.

"எங்க பாப்பா சமத்துக்கா. விடிஞ்சதுலேருந்து ஒரு அழுகை இல்ல."

"அழவே இல்லையா?" என்று எனக்குப் பின்னால் குரல் கேட்டது. லுவா எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை.

"இல்லவே இல்லக்கா."

"பால் குடிச்சாளா?"

"தூங்கிட்டே இருக்கா."

"கரி வச்சிருக்கியா?"

"எங்க வீட்லயா? கரியே கிடையாதுக்கா. போர்வைதான்." இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

நல்ல பையன், இவனை ஏன் திருடனைப் போல விசாரிக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. அவள் எங்கள் இருவரையும் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அறைக்குள் கால் வைத்ததும் அவள் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிட்டது.

"கரி இல்லாத அறையில என் கண்ணாடி எதுக்குடா வேர்க்குது?"

கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு முட்டி போட்டு, தரைவரை தொங்கிய கட்டில் விரிப்பைத் தூக்கினாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் சட்டி செக்கச்செவேல் என்று கனன்றது. துளி புகை இல்லை.

கட்டிலில் சாய்ந்திருந்த மியெனின் கன்னம் சிவந்திருந்தது. "தலைய ரொம்ப வலிக்குதுக்கா. வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள் குழறலாக. லுவா குழந்தையை அள்ளினாள். "வெளிய, எல்லாரும் வெளிய. தங்கச்சி, அவளப் பிடிச்சுக் கூட்டிட்டு வா. ஹொவான், ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடு."

சாற்றுக் கிண்ணத்தை எங்கே வைத்தேனோ, நினைவில்லை. முற்றத்தில் முட்டைக்கோசு மேல் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. அந்தக் குளிரில், ஆண்பிள்ளை நிற்கிறான் என்றுகூடப் பாராமல், மேல்சட்டையையும் உள்சட்டையையும் திறந்து, குழந்தையை வெறும் மார்போடு சேர்த்து மூடிக்கொண்டாள் லுவா. முகம் மட்டும் வெளியே தெரிந்தது. ஈரத்துணி மாதிரி துவண்டு கிடந்தது பிள்ளை. போய்விட்டது என்றே நினைத்தேன்.

"புகையே இல்லையேக்கா" என்றான் ஹொவான். வண்டியைக் கிளப்பும்போதும் அதையே சொன்னான்.

அவனுடைய சின்ன லாரியில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஜன்னலை இறக்கச் சொன்னாள் லுவா. காற்று காதை அறுத்தது. பாலம் தாண்டியதும் சட்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வீறிட்டு ஒரு அழுகை. மியென் என் தோளில் விழுந்து தேம்பினாள். ஹொவான் சாலையைப் பார்த்தபடியே முழங்கையால் கண்ணைத் துடைத்தான். எனக்கும் போன உயிர் வந்தது.

லுவாவின் முகம் மட்டும் இளகவில்லை. அழுகை மெல்ல ஓயும்வரை காத்திருந்தாள். ஓய்ந்ததும் சட்டைக்குள் கையை விட்டு, அந்தச் சின்ன உள்ளங்காலைத் தேடிப் பிடித்து விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். பிள்ளை மறுபடியும் வீறிட்டது. ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை, அழுகை ஓயும்போதெல்லாம் அது கண் மூடிவிடாதபடி சுண்டிக்கொண்டே வந்தாள்.