பொட்டு வைத்த கேமரா

சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். பேத்தி அப்படியே என் மாமியார் சாயல், அது கிடக்கட்டும். திருவண்ணாமலையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மகனுக்காக மருமகன் வாங்கித் தந்த கேமரா என் பையில் இருந்தது. மகனுடைய பழைய கேமரா ரிப்பேராகி, கல்யாண ஆர்டர்கள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. வரி கேட்டால் கட்ட என்னிடம் பணமில்லை. புதுசும் ஏர்போர்ட்டிலேயே நின்றுவிடும்.

மெட்ராஸில் பை சோதித்த சுங்க அதிகாரி நரைத்த மீசைக்காரர். ஒவ்வொரு பையையும் தொட்டதும் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொள்வார்.

"எத்தினி வெள்ளிம்மா இது?"

"எனக்குப் படிப்பு இல்லீங்க. பையனுக்காக வாங்கித் தந்த மாப்பிள்ளைக்குத்தான் தெரியும்."

"வெள்ளிய ரூபாயாக்கிப் பார்த்தா, வெலையைவிட வரி ஜாஸ்தி. புதுசுதானே?"

"புதுசுதாங்க. அதான் பொட்டு வெச்சேன்."

வரி விழாமலிருக்கப் பழசு என்று சொல்லும்படி மருமகன் படித்துப் படித்துச் சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அவர் மூடியைக் கழற்றினார். கண்ணாடியின் நடுவில் சந்தனமும் குங்குமமும்.

"கண்ணுலயே வெச்சுட்டீங்களேம்மா?"

"மாடோ வண்டியோ, மூஞ்சியிலதானே வெப்போம்."

மீசை ஆடியது. "இதப் புதுசுன்னு நான் எப்படிம்மா எழுதுறது? எடுத்துட்டுப் போங்க. பையன மெத்துன்னு ஒரு துணியால தொடைக்கச் சொல்லுங்க."

போன உயிர் திரும்பி வந்தது. கும்பிடு போடக்கூட மறந்து நடந்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தால், விரலில் ஒட்டிய குங்குமத்தை அவர் கைக்குட்டையில் துடைக்கவில்லை, நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார்.

பொட்டு வைத்த பொருளை வரியில்லாமல் விடச் சட்டத்தில் இடமுண்டா என்று இன்றுவரை நான் யாரையும் கேட்கவில்லை.