கதவோரத்து ஒற்றை சீட்

தெருவில் அவளுக்கு டிக்கெட் அக்கா என்று பேர். நகல் எடுக்கும் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வர வேண்டிய அளவுக்கு ஓர் இடுக்கு. அதுதான் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற கடை. கண்ணாடி மேஜை, அதற்குப் பின்னால் கணினி, கணினிக்குப் பின்னால் அக்கா. முதலாளி என்று ஒருவர் உண்டு. பெரும்பாலும் வாசலில் நின்று போன் பேசுவார். வேலையெல்லாம் அக்காவினுடையது, பெருமை மட்டும் அவருடையது.

பெருமைப்பட விஷயமும் இருந்தது. வேறு கடைக்காரர்கள் கணினி எதைத் துப்புகிறதோ அதை அச்சடித்துக் கையில் திணித்து அனுப்பிவிடுவார்கள். அக்கா அப்படியில்லை. வாயைக் கிளறாமல் டிக்கெட் போடமாட்டாள். குழந்தைக்கு என்ன வயது, ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாந்தி எடுக்குமா, யார் மடியில் தூங்கும், எல்லாம் கேட்பாள். "மாமியாரையும் உங்களையும் பக்கத்துப் பக்கத்துல போடட்டுமா, இல்ல நடுவுல வீட்டுக்காரரை வைக்கட்டுமா?" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, நடுவில் வைக்கத்தான் சொல்வார்கள்.

தொழிலில் அவளுக்குத் தெரிந்த சூட்சுமம் ஒன்று உண்டு. பெயர்களை எந்த வரிசையில் அடிக்கிறோமோ அதே வரிசையில்தான் கணினி சீட் கொடுக்கும். விடுமுறை நெரிசலில் நாலு சீட் சேர்ந்து கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்று ஓரிடத்தில், ஒன்று எங்கேயோ என்றுதான் விழும். அந்த எங்கேயோ, கடைசியாக அடித்த பெயருக்குப் போகும். அதனால் அக்கா குழந்தைகளின் பெயரை முதலில் அடிப்பாள். அப்பாக்கள் கடைசியில். "அவர் எங்க உக்காந்தாலும் தூங்கத்தான் போறாரு" என்பாள். பிள்ளையைத் தனியாகத் தள்ளிவிட்டு அவள் ஒரு டிக்கெட் போட்டதே கிடையாது. ஊரார் பிள்ளைகளைச் சொல்கிறேன்.

இனி அவள் வீட்டுக்கு வருவோம். கணவர் லிப்ட் மெக்கானிக். அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி நோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மனைவியின் பெண்தான் பெரியவள், ஒன்பது வயது. சின்னவன் அக்காவுக்குப் பிறந்தவன், மூன்று வயது, இடுப்பில் தூக்கினால் இடுப்பு போய்விடும், அவ்வளவு புஷ்டி. பெரியவள் முதலில் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டாள். சின்னவன் பேச ஆரம்பித்து வீடெல்லாம் அம்மா அம்மா என்று கத்தியதில் இவளுக்கும் அது தொற்றிக்கொண்டது. என்ன, அவன் "நீ வா" என்பான், இவள் "நீங்க வாங்க" என்பாள். மரியாதையான பெண் என்று அக்கம்பக்கத்தில் நல்ல பேர். அந்த மரியாதை சில நேரம் அக்காவுக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் அடித்ததில்லை, வைததில்லை, சாப்பாட்டில் தட்டு பார்த்துப் பரிமாறியதில்லை. மாற்றாந்தாய் என்ற சொல்லை யார் வாயிலிருந்தும் வரவழைக்கக் கூடாது என்பதில் அக்கா குறியாக இருந்தாள்.

இப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

குடும்பமாக நாலு பேரும் கடற்கரைக்குப் போவது அதுதான் முதல் தடவை. முன்பதிவு திறக்கும் நாளில் காலையிலேயே கடை வாசலில் கூட்டம் முண்டியடித்தது. கூட்டத்துக்கு அடித்துக் கொடுக்கும் முன் தன் வீட்டு டிக்கெட்டை ஒரு மூச்சில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். விரல் பறந்தது. பணமும் கட்டியாயிற்று. திரையில் சீட் எண்கள் வந்தன. மூன்று சேர்ந்து பெட்டியின் நடுவில், ஒன்று தள்ளிப்போய்க் கதவோரத்தில். நடுவில் கணவர், அவள், சின்னவன். கதவோரத்தில் பெரியவள்.

அக்கா ரத்துசெய்து மறுபடி எடுக்கலாம் என்று தேடினாள். அதற்குள் அந்த ரயிலே நிரம்பிவிட்டது. கையில் இருப்பதையும் விட்டால் பயணமே இல்லை.

முதலாளி போனைக் காதில் வைத்தபடியே எட்டிப் பார்த்தார். "என்னம்மா, உன் வீட்டுக்கே ஒண்ணு தனியா விழுந்திருக்கு? வீட்டுக்காரரோட சண்டையா?"

"ஆமா சார், சண்டைதான்" என்று சிரித்துவைத்தாள். வடிகட்டின பொய். பெயரை அவர் கவனிக்காததற்கு நன்றி சொல்லிக்கொண்டாள்.

அவசரம், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தாள். கட்டு நிற்கவில்லை. அன்றைக்கு வரிசையில் நின்ற மற்ற எல்லோருக்கும் அதே அவசரத்தில்தான் அடித்துக் கொடுத்தாள். ஒருவருக்கும் பிள்ளை பெயர் கடைசியில் போகவில்லை. தன் வீட்டுக்கு அடிக்கும்போது மட்டும் விரல் முதலில் புருஷனைத் தேடியது, பிறகு தன்னை, பிறகு தன் பிள்ளையை. எல்லாம் ஆன பிறகுதான், அட, இன்னொருத்தி இருக்கிறாளே என்று ஞாபகம் வந்தது. மறந்தேபோயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஞாபகம் இருந்தது, கடைசியாக இருந்தது.

அதிலும் ஒரு கொடுமை. சின்னவன் வயதுக்கு டிக்கெட்டே வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டால் இலவசம். கனக்கிறானே, கால் நீட்டித் தூங்கட்டுமே என்று காசு கட்டி அவனுக்கு ஒரு சீட் வாங்கியது அக்காதான். வாங்காமல் விட்டிருந்தால் அந்த மூன்றில் பெரியவள் அம்சமாக உட்கார்ந்திருப்பாள். சீட் தேவையில்லாதவனுக்குப் பக்கத்தில், சீட் தேவைப்பட்டவளுக்குக் கதவோரத்தில். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தாள், ஒரு வாய்கூட இறங்கவில்லை.

கணவரிடம் சொன்னபோது அவர் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "இதுக்குப் போய் ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க? அந்தக் கதவு சீட்டுக்கு நான் போறேன். உங்க மூணு பேர் சத்தமும் இல்லாம நிம்மதியா தூங்குவேன்" என்றார். சீட் பிரச்சனை தீர்ந்தது. அவளுடைய பிரச்சனை சீட்டே இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வாள்?

பயமெல்லாம் பெரியவளை நினைத்துத்தான். பள்ளி விட்டதும் அவள் நேராகக் கடைக்கு வந்து, அக்காவின் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறவள். கண் நோட்டில் இருக்கும், காது கவுண்டரில் இருக்கும். ஒருமுறை டிக்கெட் எடுக்க வந்தவர் பெயர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, "பாப்பா பேரை முதல்ல சொல்லுங்க அங்கிள், கடைசியா சொன்னா பாப்பா தனியா போயிடும்" என்று தலை நிமிராமல் சொன்னாள். அக்காவுக்கு அன்று உச்சி குளிர்ந்தது. இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசியது. இவளுக்குச் சூட்சுமம் தெரியும். டிக்கெட்டைப் பார்த்துவிட்டால் கணக்குப் போட ஒரு நொடி ஆகாது. டிக்கெட்டோ அப்பாவின் போனில் இருக்கிறது, அந்தப் போனில்தான் அவள் தினமும் விளையாடுகிறாள்.

"எனக்கு எந்த சீட்மா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எல்லாம் ஒரே பெட்டிதான்" என்று அக்கா பூசி மெழுகினாள். பெரியவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம் என்று இருந்தது.

அப்புறம் நடந்ததைப் பார்த்தால் சிரிப்பு வரும். பெரியவளுக்குப் புதுப் பை வந்தது, புதுச் செருப்பு வந்தது. தலை பின்னும்போது அக்கா அவசரப்படாமல், சிக்கெடுத்து, இழை இழையாகப் பின்னினாள். பொரித்த மீனில் முள்ளில்லாத துண்டு எல்லாம் இவள் தட்டுக்கே வந்தது. சின்னவன் முறைத்தான். பெரியவள் தட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கு உடம்பு ஏதும் சரியில்லையாம்மா? டாக்டர் ஏதாவது சொன்னாரா?" என்றாள். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பயண நாள் வந்தது. ஸ்டேஷனில் வழக்கமான தள்ளுமுள்ளு. கணவர் தலைக்கு மேல் பெட்டிகளைத் திணித்துக்கொண்டிருந்தார். சின்னவன் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு, வேறு யாராவது வந்தால் கடிப்பேன் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தான். தண்ணீர் பாட்டிலை வலைப்பையில் செருகிவிட்டு அக்கா திரும்பிப் பார்த்தாள். பெரியவளைக் காணோம்.

"அவ அப்பவே கதவு சீட்டுக்குப் போயிட்டா" என்றார் கணவர். "நான் போறேன்னு சொன்னேன், கேக்கல. இரு, கூட்டிட்டு வரேன்."

"நீங்க இவனைப் பாருங்க. நான் போறேன்."

நடைபாதையில் பைகளைத் தாண்டித் தாண்டிப் போனாள். ரயில் நகர ஆரம்பித்திருந்தது. கதவோரத்து சீட்டில் பெரியவள் புதுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நர்ஸ் உடுப்பில் ஓர் அம்மாள். அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா பின்னாலேயே நின்றுவிட்டாள்.

"சின்னப் பொண்ணை இப்படித் தனியா யாரும்மா போட்டது? அந்த டிக்கெட் போட்ட ஆளுக்கு அறிவு வேண்டாம்?"

"எங்கம்மாதான் போட்டாங்க ஆன்ட்டி. அவங்களுக்கு அதுதான் வேலை" என்றாள் பெரியவள். "தம்பி சின்னவன், தனியா உக்காந்தா அழுவான். நான் அழமாட்டேன். பெரிய பொண்ணுன்னுதான் எனக்குத் தனி சீட் கொடுத்தாங்க."

நர்ஸ் அம்மாள் "பரவாயில்லையே" என்று மெச்சினார். அக்காவுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. செவிட்டில் ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

முன்னால் வந்து குனிந்தாள். "வாம்மா, அங்க வந்து உக்காரு. அப்பா இங்க வந்துடுவாரு."

"வேணாம்மா. நான் இங்கயே இருக்கேன். எனக்கு இது பிடிச்சிருக்கு."

"பிடிக்குதோ பிடிக்கலையோ, உன்னை இங்க போட்டிருக்கவே கூடாது. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

பெரியவள் ஓரக்கண்ணால் நர்ஸ் அம்மாளைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெரியவள் குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியும்மா. என் பேரைக் கடைசியா அடிச்சிட்டீங்க. டிக்கெட் எடுத்த அன்னிக்கே போன்ல பாத்தேன்."

இத்தனை நாளும் அக்கா எதற்குப் பயந்தாளோ அது வந்தே விட்டது. அவசரத்துல அடிச்சேன் கண்ணு என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அந்தப் பொய்யை இந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, மென்று விழுங்கினாள்.

"அப்பாகிட்ட நான் சொல்லல" என்றாள் பெரியவள், தைரியம் சொல்வது மாதிரி.

"ஏன் சொல்லல? சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அப்பா உங்களைத் திட்டுவாரு. சண்டை வரும்." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "சண்டை வந்தா நீங்க போயிடுவீங்க. தம்பியையும் கூட்டிட்டுப் போயிடுவீங்க."

அக்கா நடைபாதையில், போகிற வருகிறவர்களின் காலடியில், பெரியவளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பை வாங்கிக் கொடுத்தபோதும் மீன் துண்டு வைத்தபோதும் இந்தப் பிள்ளை வயிற்றில் எதைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது என்று இப்போதுதான் புரிந்தது. தன் குட்டு உடைந்துவிடுமோ என்றுதான் இவ்வளவு நாளும் அவள் பயந்திருக்கிறாள். இவளுக்கு என்ன பயம் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"நான் எங்கயும் போகமாட்டேன்" என்றாள்.

"சரிம்மா" என்றாள் பெரியவள். மழை வராது என்று யாரோ சொன்னால் குடையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிற சரி அது.

பெட்டியின் நடுவிலிருந்து சின்னவனின் அலறல் கிளம்பியது. அம்மா, அம்மா என்று ரயிலே அதிரக் கத்தினான். கணவர் ஏதோ சமாதானம் சொல்வதும் கேட்டது. தலைகள் திரும்பின.

"தம்பி அழறான்மா. நீங்க போங்க" என்றாள் பெரியவள். வழக்கமாகச் சொல்வதுதான். சொல்லிவிட்டு, வழிவிடுவதற்காகக் காலைக்கூட ஒதுக்கிக்கொண்டாள்.

அக்காவின் உடம்பு பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டது. மறுபடி உட்கார்ந்தாள்.

"அழட்டும். அப்பா பாத்துக்குவாரு."

பெரியவள் அலறல் வருகிற பக்கம் ஒருமுறை, அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். இன்னொரு தடவை அலறல் வந்தது, அப்போதும் அக்கா எழுந்திருக்கவில்லை. டீ விற்கிறவர் வந்து, "வழியில உக்காந்தா எப்படிம்மா?" என்று சலித்துக்கொண்டார். அக்கா காலை மடக்கி அவருக்கு வழிவிட்டுவிட்டு, அங்கேயே இருந்தாள்.