'அழகி' என்று பொருள் சொன்னேன்

நான் பொய் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளையொருத்தி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்க, அவளுடைய முகத்துக்கு நேரே சொன்னேன். அதை நம்பி அவள் மன்னிப்பும் கேட்டாள்... தன்னைப் பழித்த என் மகளிடம்!

இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம். போகட்டும்.

சுவிஸில், ஓல்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். என் மகள் அபிரா முதலாம் வகுப்பில் படித்தபோது, கூடப் படித்த ஒருவன் அவளுடைய கையைப் பிடிக்க மறுத்தான். அழுக்கு ஒட்டிவிடும் என்றானாம். பாடசாலைக்குப் போய் அழுதேன். அவர்கள் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. இங்கே நிறவெறிக்கு இடமில்லை என்று உறுதிமொழி எழுதி வாசலில் மாட்டினார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்த குழுவொன்றை அமைத்து என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில் பேசினேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு ஆண்டுகளின் பின் எங்கள் கட்டடத்தின் மேல்மாடிக்கு எரித்திரியாவிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் செலாம் அபிராவின் வகுப்பிலேயே சேர்ந்தாள். ஒருநாள் கீழே எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போனால், என்னுடைய முறைநாளில் அந்தத் தாயின் உடுப்புகள் இயந்திரத்துக்குள் கிடந்தன. புதிதாக வந்தவர், அட்டவணை விளங்கியிராது. அவ்வளவுதான். ஆனால் நான் மேலே வந்து, தொலைபேசியில் தங்கையிடம் அவரைத் திட்டித் தீர்த்தேன். ஆபிரிக்கர்களை நம்மவர்கள் இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லால் திட்டினேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும். இங்கே எழுதக் கை வரவில்லை.

அபிரா பக்கத்து மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை வகுப்பாசிரியை என்னைப் பாடசாலைக்கு அழைத்தார். பிள்ளைகள் இருவரும் அங்கே நின்றார்கள். இடைவேளையில் கயிறடித்து விளையாடும்போது சண்டை வந்திருக்கிறது. அபிரா செலாமைப் பார்த்து ஏதோ தமிழில் சொல்லியிருக்கிறாள். செலாமுக்குப் பொருள் தெரியாது. சொன்ன விதம் தெரிந்திருந்தது. மறந்துவிடாமல் மனப்பாடம் செய்துகொண்டுபோய் ஆசிரியையிடம் ஒப்பித்திருக்கிறாள்.

"நீங்கள் எங்கள் குழுவில் இருப்பவர். அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன்," என்றார் ஆசிரியை. "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?"

செலாம் அதை மறுபடி சொன்னாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

அபிரா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"கறுப்பழகி என்று பொருள்," என்றேன். "வீட்டில் பிள்ளைகளைச் செல்லமாக அப்படிக் கூப்பிடுவோம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? மகளைக் காப்பாற்றவா? நெடுங்காலம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை! எங்கே பழகினாய் என்று அபிராவைக் கேட்டிருந்தால் அவள் என்னைத்தான் காட்டியிருப்பாள். அந்தக் குழுவில் எனக்கிருந்த நாற்காலிக்காகத்தான் சொன்னேன்.

ஆசிரியையின் முகம் தெளிந்தது. மொழி தெரியாவிட்டால் இப்படித் தவறாக விளங்கிக்கொள்வது உண்டு என்று செலாமுக்கு எடுத்துச் சொன்னார். செலாம் சற்று யோசித்தாள்.

"ஆனால் அவள் சிரிக்கவில்லையே," என்றாள் மெதுவாக.

பிறகு அவளே அபிராவின் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டாள்.

வீடு திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தில் அபிரா கேட்டாள். "அம்மா, அது கூடாத சொல்லெல்லோ?"

"கதைக்காமல் வா," என்றேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட... முடியவில்லை. வசந்தகாலத்தில் நிறவெறிக்கு எதிரான செயற்திட்ட வாரம் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் வேற்று மொழியிலிருந்து ஓர் அழகான சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக எழுத வேண்டும். செலாம் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாள். அட்டையோடு எங்கள் கதவைத் தட்டி, தமிழ் எழுத்தில் எழுதித் தரும்படி கேட்டாள்.

வேறொரு சொல்லை எழுதியிருக்கலாம். அவளுக்குத் தெரியவா போகிறது? அதுகூட எனக்குத் தோன்றவில்லை. அவள் வாயால் சொல்லச் சொல்ல, பென்சிலால் எழுதினேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு படியேறி ஓடினாள்.

கண்காட்சி மாலையில் அது நடைபாதைச் சுவரில் தொங்கியது. எழுத்துகளைச் சுற்றிப் பூக்கள் வரைந்திருந்தாள். நம்மவர் ஒருவர், வேறொரு வகுப்புப் பிள்ளையின் தகப்பன், அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"அக்கா, இதென்ன எழுதிக் கிடக்கு?"

"ஆரோ பிள்ளையள் விளையாட்டா எழுதினது போல. விடுங்கோ."

அவர் என்னையும் அந்த எழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். என் கையெழுத்தைச் சிறுபிள்ளைகளின் தலையில் கட்டினேன்!

அப்போதுதான் செலாமின் தாய் வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தடுமாறும் டொச்சில் சொன்னார், இந்த நாட்டில் என் பிள்ளையை அழகி என்று சொன்ன முதல் குடும்பம் நீங்கள்தான் என்று. அந்தக் கைகளை உதறாமல் நின்றேன். சிரித்தேன் என்றும் நினைக்கிறேன்.

அந்த அட்டை கோடை விடுமுறை வரை தொங்கியது. மறுவருடம் தாய்க்கு லோசான் நகரில் மருத்துவமனை வேலை கிடைத்து இருவரும் போய்விட்டார்கள். அங்கும் நம்மவர்கள் நிறைய. செலாமுக்கு இப்போது பதினைந்து வயது. மெட்ரோவில் யாரோ தமிழ் பேசுவது காதில் விழ, எனக்கும் ஒரு தமிழ்ச் சொல் தெரியும் என்று அவள் ஆசையோடு திரும்பினால்... கேட்கிறவர்கள் என்ன செய்வார்கள்? சிரிப்பார்களா? உண்மையைச் சொல்வார்களா? எது நடந்தாலும் அங்கே நான் இருக்கமாட்டேன்.

போன மாரிக் குளிரில் அபிரா என் முன்னால் வந்து நின்றாள்.

"செலாமுக்கு நீங்கள் எழுதுறியளோ, நான் எழுதட்டோ?"

"நான் எழுதுறன்," என்றேன்.

அவள் அதன்பிறகு கேட்கவில்லை. லோசானுக்குப் போகும்போது செலாமின் தாய் தந்த முகவரி என்னிடம் இருக்கிறது. பாடசாலைக் குழுவிலும் இன்னும் இருக்கிறேன், சென்ற மாதமும் பேசினேன். கடிதத்தை மட்டும் இன்னும் எழுதவில்லை.