அறுபத்திரண்டு கிலோ

மாரடைப்பு வந்து ஈப்போ ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்துவிட்டுத் திரும்பிய அப்பாவுக்குக் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ராஃபியா கயிற்றால் கட்டிக்கொண்டுதான் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் படியேறினார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். தொந்தி ஸ்டியரிங்கில் இடிக்கிறது என்று நாங்கள் கேலி செய்வோம். இப்போது கேலி செய்யத் தொந்தியே இல்லை. பார்க்க வந்த அத்தை வாசலிலேயே அழுதுவிட்டார்.

"என்னண்ணே இது, பாதி ஆளா ஆயிட்டீங்க!"

ஒன்பது வயதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அப்பா இளைத்துவிட்டார், தேற வேண்டும். வீட்டுச் சட்டமோ நேர்மாறாக இருந்தது. தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். உப்பைக் குறைக்கவும் தண்ணீரை அளந்து கொடுக்கவும் சொன்னார். அம்மா தன் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். எடை மெஷினின் முள் கொஞ்சம் ஏறினாலும் அன்றைக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் குறையும்.

முள்ளைப் பார்த்துச் சொல்வது என் வேலை. அப்பாவுக்குக் குனிந்தால் மூச்சு வாங்கும். அம்மா கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே அடுப்படியிலிருந்து, "எவ்ளோ?" என்பார். நான் தரையில் உட்கார்ந்து பார்த்து, "அறுபத்திரண்டு!" என்று கத்திவிட்டுக் காலண்டரில் எழுதுவேன். வீட்டில் என்னைவிட்டால் ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு.

ஒருநாள் அறுபத்திரண்டரை. சந்தோஷமாகத்தான் கத்தினேன். அம்மா அப்பாவுக்கு அன்றைக்கு அளந்த ஐந்து கிளாஸில் ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் கூரைத் தகரம் கொதித்தது. அப்பா கவிழ்ந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மொடக்கு குடும்மா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன் லா."

அம்மாவுக்குப் பயந்து நான் கொடுக்கவில்லை. அவர் இரண்டாம் முறை கேட்கவுமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எடை மெஷினின் பின்பக்கம் ஒரு சிறிய சக்கரம் இருந்தது. அதைத் திருப்பினால் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். மறுநாள் அப்பா எழுந்து வருமுன் கொஞ்சம் திருப்பினேன். அறுபத்திரண்டு. ஐந்து கிளாஸும் அப்பாவுக்குக் கிடைத்தன. அடுத்த நாள் முள் மறுபடி தாண்டவே இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் அதிகம். அப்பா இத்தனை வேகமாகத் தேறுகிறாரே என்று எனக்குள்ளேயே பூரித்துப்போனேன். அவர் பாதம் சிலிப்பருக்குள் நுழையவில்லை. முகம் உப்பியிருந்தது. மறுபடி வந்த அத்தை, "இப்பதாண்ணே மூஞ்சில சதை வச்சிருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறாம் நாள் விடியும்போது அப்பாவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினார். பக்கத்து வீட்டுக் காரில் ஈப்போவுக்குப் போனோம்.

அங்கே எடை அறுபத்தேழு. அத்தனையும் உடம்பில் கட்டிய நீர், பலவீனமான இதயத்தால் தள்ள முடியவில்லை என்றார் டாக்டர். வீட்டில் எடை பார்க்கவில்லையா என்று கேட்டார். அம்மா பையிலிருந்து காலண்டரை எடுத்து நீட்டினார். வரிசையாக என் கையெழுத்தில் அறுபத்திரண்டு.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். முகத்தில் மாட்டியிருந்த மாஸ்க்கை விலக்கினார்.

"அது பழைய மெஷின் டாக்டர். முள்ளு ஒழுங்கா நிக்காது."

பழைய சாமான் கடையில் அதை வாங்கி வந்தவர் அம்மா. அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு அழுதார்.

அப்பா வீடு திரும்பியதும் அம்மா மெஷினைத் தூக்கியெறியப் போனார். "இருக்கட்டும் லா" என்று அப்பா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சக்கரத்தை மெதுவாகத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினார்.

"இனிமேலும் பாப்பாவே பார்த்துச் சொல்லட்டும்."

அவர் அதன்பின் ஒன்பது மாதம் இருந்தார். ஒவ்வொரு காலையும் அவர் மெஷின்மேல் ஏறி நிற்க, நான்தான் படித்தேன். இதயம் தேறவில்லை என்பதால் எண் ஏறியது, இறங்கியது. நான் உள்ளபடியே சொன்னேன். மெஷின் சரியாகிவிட்டது, என் குட்டு யாருக்கும் தெரியாது, தப்பித்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.