செத்துப்போன சாமியார்கள் மட்டும்

மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மாதா கோயில். அதன் பின்னால் மூன்று வெள்ளைக்காரச் சாமியார்களின் கல்லறைகள் இருக்கின்றன. பழைய குருமார்களின் வரலாற்றை எழுதுவதற்காகக் கண்டியிலிருந்து வந்திருக்கிறேன். பாசியைச் சுரண்டி இரண்டாவது பெயரைக் கொப்பியில் எழுதும்போது உபதேசியார் அந்தோனி வந்து நிற்கிறார். சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துபவர் அவர்தான்.

“ஐசிய காட்டுங்க.”

அடையாள அட்டையை எடுத்துக் காட்டுகிறேன். படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

“போன மாசமும் ஒருத்தர் கொப்பியோட வந்தாரு. பக்கத்துத் தோட்டத்துச் சாமியாரோட வரலாறு எழுதணும்னாரு. அங்க உள்ளவங்க எல்லாத்தையும் சொன்னாங்க. மறுவாரம் பொலிஸ் ஜீப்புல வந்து சாமியாரக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னும் வரல.”

“நான் செத்துப்போனவங்களப் பத்தித்தாங்க எழுதுறேன்.”

“அப்ப அவங்களப் பத்தி மட்டும் கேளுங்க. இப்ப இருக்கிற சாமியார் இங்க இல்ல.”

அந்த நேரம் அவர் மனைவி மூடிய சோற்றுத் தட்டோடு கோயிலின் பூட்டிய பின்னறையை நோக்கி வருகிறார். என்னைக் கண்டதும் நின்றுவிடுகிறார்.

“சார் கண்டியிலருந்து வந்திருக்காரு. அவருக்குக் குடு,” என்கிறார் அந்தோனி.

தட்டு என்னிடம் நீள்கிறது. இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். சோறு யாருக்கு என்று எனக்குப் புரிந்துவிடுகிறது.

“நான் சாப்பிட்டுட்டேங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

மூன்றாவது கல்லறையைப் பார்க்காமலே கொப்பியை மூடுகிறேன். அந்தோனி ரோடு வரைக்கும் கூடவே வருகிறார். நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், அது நகரும்வரை, ஜன்னலுக்கு வெளியே என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.