சிவப்பு மை இல்லாத கார்டு

அந்த ரேஷன் கார்டின் வாசனையை நான் இன்னும் மறக்கவில்லை. அடுப்புப் புகையும் புளியும் கலந்த வாசனை. ஜவ்வாது மலையில் எந்த வீட்டுக் கார்டும் அப்படித்தான் இருக்கும்; புளிப் பானைக்கு மேலே கூரையில் செருகி வைத்திருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். பென்சிலின் ஊசி யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால், எங்கள் கம்பவுண்டர் அவர்களுடைய ரேஷன் கார்டை வாங்கி, பின்னட்டையில் பெயரோடு 'பென்சிலின் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதிவிடுவார். "சீட்டு குடுத்தா மழையில கரைஞ்சிடும்மா. கார்டுன்னா வூடு எரிஞ்சாலும் எடுத்துகினு ஓடுவாங்க" என்பார். சர்க்கார் கார்டில் கிறுக்குவதா என்று தாலுகா ஆபீஸில் திட்டு வாங்கியும் விடவில்லை. ஜனங்களோ, மயக்கம் போடவைத்த ஊசிதான் சக்தியுள்ள ஊசி என்று அதையே மறுபடி கேட்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்டியே மனிதர் ஓய்ந்துபோனார்.

சில வருடங்களில் எனக்கு அடிவாரத்துக்கு மாற்றல் வந்தது. ஒரு சந்தை நாளில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மலையிலிருந்து காய்ச்சலோடு இறங்கி வந்த ஒருத்தி, நான் கேட்பதற்கு முன்பே கார்டை நீட்டினாள். அதே வாசனை. திருப்பிப் பார்த்தேன், சிவப்பு மை இல்லை. இல்லையென்றால் பயமில்லை என்பது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. சோதனை ஊசிகூடப் போடாமல் பென்சிலினைப் போட்டேன்.

சில நிமிடங்களில் அவள் முகம் வீங்கி மூச்சு இழுக்கத் தொடங்கியது. டாக்டர் ஓடிவந்து எப்படியோ பிழைக்க வைத்தார். கண் திறந்ததும், "கார்ட காட்னனே நர்சம்மா, பாக்கலீங்களா?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வருடம்தான் பழைய கார்டுகளை வாங்கிக்கொண்டு புதியவை கொடுத்திருந்தார்கள். அவளுடைய பழைய கார்டில் இருந்த சிவப்பு வரியைப் புதியதில் யாரும் பார்த்து எழுதவில்லை. புகை வாசனை மட்டும் அதற்குள் ஏறிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் எந்த ஆஸ்பத்திரிப் படியையும் மிதிக்கவில்லை. அடுத்த மழைக்காலக் காய்ச்சலில் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். கம்பவுண்டர்தான் வந்து சொன்னார். "கார்டு மாறும்னு நானும் நெனைக்கலம்மா" என்றார். அப்படியே பஸ்ஸுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

போன மாதம் மூட்டுவலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன் இருந்த பெண், "மருந்து எதுவும் அலர்ஜி இல்லயேம்மா?" என்று கேட்டுக்கொண்டே, என் பதிலுக்குக் காத்திராமல் 'இல்லை' என்று தட்டிவிட்டாள். எனக்கு எல்லா மருந்தும் ஒத்துக்கொள்ளும்தான். ஆனாலும், "கேட்டுட்டு எழுதும்மா" என்றேன். வேலையற்ற கிழவி என்று நினைத்திருப்பாள். எனக்குப் பின்னால் நின்றவள் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள். இப்போது பிளாஸ்டிக் கார்டு. அதில் புகையும் ஏறாது, மையும் ஒட்டாது.