அக்கா கண்ணுக்கு மட்டும் மினுக்கியது

போன மாதம் என் அக்காவின் கண் ஆபரேஷன் இரண்டாவது முறையாகத் தள்ளிப்போனது. காரணம் டாக்டர் இல்லை. இந்தப் பத்தியை எழுதுகிற அறிவாளிதான்.

அக்கா இருப்பது சிவகிரியில். இரண்டு கண்ணிலும் புரை. அவளுடைய ஆசை ரொம்பச் சின்னது — பஸ் ஸ்டாண்டில் யாரிடமும் கேட்காமல், போர்டைத் தானே படித்து ஏற வேண்டும்.

முதல் தடவை போனபோது பிரஷர் கூடுதல் என்று திருப்பி அனுப்பினார்கள். மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் தினமும் பிரஷர் பார்த்து எழுதி வரச் சொன்னார்கள். சங்கரன்கோவிலில் என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். என்னிடம்தான் பிரஷர் மிஷின் இருக்கிறதே! கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அமுக்கினால் குட்டித் திரையில் நம்பர் விழும்.

முதல் நாளே சொன்னாள். "தம்பி, நம்பர் மினுக்குதுல."

எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு இரண்டு வேலை. விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலும் மினுக்கும். ஒருத்தன் சலவைச் சட்டை போட்டுத் தெருவில் அலட்டினாலும் மினுக்குவான்.

நான் கண்ணாடியை மாட்டி நேராக உற்றுப் பார்த்தேன். 130. கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான்.

"புரைக் கண்ணுக்கு எல்லாந்தான் மினுக்கும்" என்றேன். வீடே சிரித்தது.

நேராகப் பார்த்தால் மங்கல் என்று அவள் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்ப்பாள். அதற்கும் சிரித்தோம். அவள் திருப்திக்காக மிஷின் தலையில் இரண்டு தட்டு தட்டினேன். நம் ஊரில் தட்டினால் சரியாகாத சாமான் உண்டா?

ஒரு வாரமும் 130, 131, 133... நோட்டில் மணிமணியாக எழுதினேன். அக்கா துண்டு, சேலை எல்லாம் எடுத்துவைத்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்த்தார். 180. நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இத எழுதுனது யாரு?"

பத்திரிகையில் எழுதுகிறவன் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

மாத்திரையை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அக்கா ஒவ்வொரு கண்டக்டரிடமும் கேட்டாள் — இது சங்கரன்கோவில் போகுமா? என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் மிஷினைத் தூக்கிக்கொண்டு, எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கும் செல்வியிடம் போனேன். அவர் பேட்டரி மூடியைத் திறந்தார்.

"அண்ணாச்சி, இதுல ஏன் உப்பு வாசம் அடிக்கி?"

கடிகாரத்தில் இரண்டு, ரிமோட்டில் இரண்டு என்று ஓய்ந்துபோன செல்களைக் கழற்றி, மொட்டை மாடியில் மோர் மிளகாயோடு வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்தவன் நான்.

செல்வி பாடம் எடுத்தார். இந்தத் திரைக்குள் இருக்கிற திரவத்தைத் தொட்டில் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மின்சாரம் மாற்றி மாற்றி ஆட்ட வேண்டுமாம். ஒரு பக்கம் கூடி, மறு பக்கம் குறைந்தால் மினுக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்கிற திரைகளில் ஆட்டுவதையே அடிக்கடி செய்வதில்லை. ஓர் ஆட்டுக்கும் அடுத்த ஆட்டுக்கும் நடுவே கரண்ட் கசிந்து எழுத்து வெளிறும், மறுபடி பளிச்சிடும். அப்போதும் மினுக்கல்தான். அதில் செத்த செல்லையும் போட்டால்? போதாக்குறைக்கு, கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே கரண்டைக் கொண்டுபோகிற ரப்பர் பட்டை முன்னமே விலகியிருந்தது; நான் தட்டிய தட்டில் இன்னும் விலகிவிட்டது. எட்டின் இடப்பக்கக் கோடுகள் வந்து வந்து போயின. எட்டு எனக்கு மூன்றாகத் தெரிந்தது இப்படித்தான்.

"எனக்கு ஏன் மினுக்குனது தெரியல?"

"நீங்க நேராப் பாத்திருப்பிய. வேகமா மினுக்குதது ஓரக்கண்ணுக்குத்தான் சட்டுனு தெரியும். நாங்களே அப்படித்தான் பாப்போம். ஒங்க அக்காள கடைக்கு அனுப்புங்க, வேலை இருக்கு."

நாம் எப்போதுமே இப்படித்தான் இல்லையா? கோளாறு இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், முதலில் சொன்னவரைத்தான் பரிசோதிக்கிறோம். அதுவும் சொல்வது பெண்ணாக இருந்துவிட்டால்... கேட்கவே வேண்டாம்.

புது செல், புது மாத்திரை. இந்த முறை நோட்டில் எழுதியது நானில்லை, என் மனைவி. போன வாரம் ஒரு கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

நேற்று பார்க்க வந்தவர்களிடம் தொட்டில், கசிவு, ரப்பர் பட்டை என்று நான் அரை மணி நேரம் விளக்கினேன். அக்கா மிஷின் திரையை நேராகப் பார்த்தாள். பிறகு என்னையும் நேராகப் பார்த்தாள்.

"மிஷின் மினுக்குதத நிறுத்திட்டு. இவன்தான் இன்னும் நிறுத்தல."